குட்டி போட்ட பெட்டை முயலை ஷோவுக்குக் கொண்டுபோகலாமா?

போன வாரம் குமரி மாவட்டம் அருமனைப் பக்கமிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். அவன் வீட்டில் ஒரு நியூசிலாந்து வெள்ளைப் பெட்டை இருக்கிறது. 5 மாதக் குட்டியாக இருக்கும்போது ஒரு ஷோவில் இரண்டாம் இடம் வாங்கியது, நானே அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், நல்ல உருண்ட முதுகு. அதற்கப்புறம் இனம் சேர்த்து இரண்டு ஈத்து குட்டி எடுத்துவிட்டான். பத்து நாளுக்கு முன்னால்தான் இரண்டாம் ஈத்துக் குட்டிகளைப் பிரித்திருக்கிறான். "அண்ணா, இது குட்டி போட்டுட்டுல்லா, இனி ஷோவுக்கு ஆவாதுதானே? வயித்துல முடியே இல்ல, முதுகு எலும்பு கையில தட்டுது. கறிக்குக் குடுத்துரட்டா?" என்று கேட்டான்.

"குடுக்காத மக்கா, ரெண்டு மாசம் பொறு" என்றேன். போனில் முழுசாக விளக்க முடியவில்லை. இதே கேள்வியை மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் முயல் வளர்க்கிற வேறு சிலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் ஷோ என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலிலிருந்து எழுதுகிறேன்.

முயல் ஷோ என்றவுடன் பலர் நினைப்பது, வெள்ளையாகக் கொழுகொழுவென்று இருக்கிற முயலுக்குப் பரிசு கொடுப்பார்கள் என்று. அப்படி இல்லை. இது முறையாக வளர்ந்த இடம் அமெரிக்காவும் இங்கிலாந்தும். அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் 1910-ல் தொடங்கியது, ஆர்பா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒவ்வொரு இனத்துக்கும் உடம்பு எப்படி இருக்க வேண்டும், எடை எவ்வளவு, முடி எப்படி, காது எப்படி என்று அவர்களிடம் ஒரு தர நூல் உண்டு, அதை 5 வருடத்துக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுவார்கள். ஜட்ஜ் செய்வது அந்த எழுத்தில் இருக்கிற முயலோடு மேசையில் இருக்கிற முயலை ஒப்பிடுவதுதான்.

வகுப்பு பிரிப்பது வயதையும், ஆணா பெட்டையா என்பதையும் வைத்து. 6 மாதத்துக்கு உட்பட்டது ஜூனியர். சிறிய இனங்களில் 6 மாதம் முடிந்தாலே சீனியர். நியூசிலாந்து, கலிபோர்னியன், ஃப்ளெமிஷ் ஜெயன்ட் மாதிரி பெரிய இனங்களில் நடுவில் 6 முதல் 8 மாதம் வரை ஒரு வகுப்பு வரும், 8 மாதத்துக்கு மேல்தான் சீனியர். ஆணுக்கும் பெட்டைக்கும் தனித்தனி வகுப்பு. இதில் கவனிக்க வேண்டியது, "குட்டி போட்ட பெட்டை", "போடாத பெட்டை" என்று பிரிவே கிடையாது. குட்டி போட்டதற்காக மதிப்பெண் குறைக்கச் சொல்லும் விதியும் கிடையாது. ஜட்ஜ் அதைக் கேட்கவும் மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய இனங்களில் அந்தத் தர நூலே வளர்ந்த பெட்டை ஆணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்க்கிறது. நியூசிலாந்தில் சீனியர் ஆண் 9 முதல் 11 பவுண்டு, பெட்டை 10 முதல் 12 பவுண்டு, நம் கணக்கில் பெட்டை சுமார் 4.5 முதல் 5.4 கிலோ. ஃப்ளெமிஷ் ஜெயன்டில் ஆண் குறைந்தது 13 பவுண்டு, பெட்டை 14. அதாவது முழு உடம்பு வந்த தாய்க்கு மேசையில் இடம் வைத்துத்தான் நூலையே எழுதியிருக்கிறார்கள். ஆர்பாவில் கிராண்ட் சாம்பியன் பட்டம் வேண்டுமென்றால் மூன்று தகுதி வெற்றி வேண்டும், அதில் ஒன்றாவது 6 மாதத்துக்கு மேற்பட்ட வகுப்பில் வாங்கியதாக இருக்க வேண்டும். குட்டிப் பருவத்து அழகை மட்டும் வைத்து அந்தப் பட்டத்தை எடுக்க முடியாது.

நம் ஊர் நிலவரம் கொஞ்சம் வேறு. இங்கே கோழி, புறா, நாய், முயல் எல்லாம் ஒரே மண்டபத்தில் இருக்கும், முயலுக்கு ஒரு மூலையில் இரண்டு மேசை போட்டிருப்பார்கள், வயது வகுப்பெல்லாம் பல இடத்தில் பார்ப்பதில்லை. நம்மிடம் அதிகம் இருக்கிற வெள்ளை ஜெயன்டும் சோவியத் சின்சில்லாவும் (கொடைக்கானல் மன்னவனூரில் இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி மையம் வளர்க்கிற இனங்கள் இவை) ஆர்பாவின் இனப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே ஜட்ஜ் பொதுவான உடற்கட்டு, சதை, முடி, ஆரோக்கியம் இவற்றை வைத்துத்தான் முடிவு சொல்வார். ஒரே மேசையில் 5 மாதக் குட்டியும் இரண்டு வயதுத் தாயும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தாய் முழுசாகத் தேறாமல் வந்திருந்தால் அந்தக் குட்டியின் பக்கத்தில் அது இன்னும் வாடித் தெரியும், நன்றாகத் தேறி வந்திருந்தால் நிலைமை தலைகீழ், குட்டிதான் அரைகுறையாகத் தெரியும்.

சரி, குட்டி போட்டதும் பெட்டையின் உடம்பில் என்ன நடக்கிறது?

சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஈனுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலோ அன்றைக்கேவோ பெட்டை தன் முடியைத் தானே வாயால் பிடுங்கிக் குட்டிப் பெட்டியில் மெத்தை போடும். வயிறு, நெஞ்சு, கழுத்துக்குக் கீழே, சிலது விலாப் பக்கம் வரைக்கும் பிடுங்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் சொறி வந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள். நோய் இல்லை, தாய்மை. அந்த முடிக்குள்ளே கையை விட்டுப் பாருங்கள், வெந்நீர் ஒத்தடம் மாதிரி இளஞ்சூடு இருக்கும், முடியே இல்லாமல் பிறந்த குட்டிகள் பிழைப்பது அந்தச் சூட்டில்தான்.

அப்புறம் பால். முயல் நாளுக்கு ஒரு தடவைதான் பால் கொடுக்கும், அதுவும் மூன்று நான்கு நிமிடம். அதற்குள் 7, 8 குட்டிக்கும் வயிறு நிறைந்துவிடும். எப்படியென்றால் அந்தப் பால் அவ்வளவு கெட்டி. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் அளவுக்கு இருக்குமென்றால் முயல் பாலில் 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும், புரதமும் பசும்பாலைப்போல மூன்று மடங்கு. மூன்றாம் வாரம் பால் உச்சத்தில் இருக்கும். அந்தச் சமயத்தில் எவ்வளவு தீனி போட்டாலும் பெட்டை தன் உடம்பிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கும். முதுகுச் சதையும் இடுப்புச் சதையும் கரைவது அப்போதுதான். தம்பி சொன்ன "எலும்பு கையில தட்டுது" என்பது இதுதான்.

இதற்கு மேல் முடி உதிர்வு. குட்டியைப் பிரித்த பிறகு பல பெட்டைகளுக்கு உடம்பு முழுக்கப் பழைய முடி உதிர்ந்து புதிசு முளைக்கும். பிடுங்கின இடத்தில் புது முடி, மற்ற இடத்தில் பழுப்பேறிய பழைய முடி, நடுவில் கோடு கோடாகப் படிக்கட்டு மாதிரி ஒரு தோற்றம். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் தற்காலிகம்.

இனி ஜட்ஜின் கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அது என்ன தேடுகிறது என்று தெரிந்தால் நாம் எதைத் தேற்ற வேண்டும் என்பது தானாகப் புரியும். நியூசிலாந்து மாதிரி இறைச்சி இனத்தை மேசையில் உட்கார வைக்க ஒரு முறை உண்டு. முன்னங்கால் கண்ணுக்கு நேர் கீழே வர வேண்டும், பின்னங்கால் பாதம் இடுப்புக்கு நேர் கீழே. இழுத்து நீட்டவும் கூடாது, பந்தாகச் சுருட்டவும் கூடாது. அப்படி வைத்தால் முதுகுக் கோடு கழுத்திலிருந்து மெல்ல எழும்பி இடுப்புக்கு மேலே உச்சிக்குப் போய், சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி உருண்டு வாலடியில் இறங்க வேண்டும். ஜட்ஜ் ஒரு கையைத் தோளில் வைத்துப் பின்பக்கமாக ஓட்டுவார். தோள் நிரம்பியிருக்கிறதா, விலா முடிந்து இடுப்பு தொடங்குகிற அந்த நடு முதுகில் சதை இரண்டு பக்கமும் நிறைந்திருக்கிறதா, இடுப்பெலும்பு இரண்டும் கையில் குத்துகிறதா. குத்தினால் அந்தப் பெட்டை இன்னும் தேறவில்லை. அப்புறம் திருப்பிப் போட்டு பல், நகம், பிறப்புறுப்பு, வயிறு பார்ப்பார். பெட்டையென்றால் காம்புகளைச் சுற்றி விரலால் தடவுவார், கட்டி இருக்கிறதா என்று. கடைசியில் முடி. வாலிலிருந்து தலைப் பக்கமாக எதிர்த்துத் தடவி விடுவார். நியூசிலாந்துக்கும் கலிபோர்னியனுக்கும் அது விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்குப் படுத்துவிட வேண்டும். உதிர்கிற முடியாக இருந்தால் அவர் கையோடு வரும்.

சில வருடத்துக்கு முன்னால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நல்ல பெட்டை, முதல் ஈத்தில் 8 குட்டி, எட்டும் பிழைத்தது. குட்டி பிரித்து நான்கு வாரத்தில் ஒரு ஷோ வந்தது, ஆசையில் கொண்டுபோனேன். ஜட்ஜ் நடு முதுகில் பெருவிரலை வைத்து லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போனது. என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்து, "பாருங்க, எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல ஒண்ணும் இல்ல, முயல் நல்ல முயல், நீங்க கொண்டுவந்த நாள்தான் தப்பு" என்றார். அந்தப் பெட்டையைத்தான் எட்டு வாரம் கழித்து மறுபடி எடைபோட்டுத் தடவிப் பார்த்தேன், அதே இடத்தில் விரல் இறங்கவில்லை. அன்றைக்கு என் மனதில் பதிந்தது இதுதான்: குட்டி போடுவது பெட்டையின் ஷோ வாழ்க்கையை முடிப்பதில்லை, ஓய்வு கொடுக்காத வளர்ப்புதான் முடிக்கிறது.

ஏன் ஓய்வு கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முயல் ஈன்ற மறுநாளே மறுபடியும் சினை பிடிக்கிற பிராணி. அதற்கென்று பூனை மாதிரி, நாய் மாதிரி பருவம் எதுவும் இல்லை, ஆணோடு சேர்ந்தால்தான் கருமுட்டையே வெளியே வரும். அதனால் பண்ணைக்காரர்கள் குட்டி பிரித்த கையோடு, சிலர் பிரிப்பதற்கு முன்னாலேயே, மறுபடி சேர்த்து வருடத்துக்கு 5, 6 ஈத்து எடுப்பார்கள். கறிக்கு வளர்க்கிறவர்கள் கணக்கு அது. ஆனால் அதே பெட்டையைப் போட்டிக்கும் கொண்டுபோவேன் என்றால் நடக்காது. இரண்டில் ஒன்றுக்கு இடம் விட வேண்டும்.

நான் செய்வது, ஷோ நாளை முதலில் எழுதி வைத்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுவது. ஜனவரி 10-ந் தேதி ஷோ என்று வைத்துக்கொள்வோம். சதை தேறவும் முடி முளைக்கவும் 8 வாரம், அப்படியானால் நவம்பர் 15-க்குள் குட்டிகளைப் பிரித்திருக்க வேண்டும். பால் குடி 6 வாரம், ஆகவே அக்டோபர் 4-ல் ஈன வேண்டும். சினை 31 நாள், இனம் சேர்ப்பது செப்டம்பர் 3. மொத்தம் நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். இந்த நான்கு மாதக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே போதும், எந்த ஷோவுக்கு எந்தப் பெட்டை என்று காலண்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆனால் நம் மாவட்டத்தில் இந்தக் கணக்கோடு மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நமக்கு இரண்டு மழை. ஜூன் ஜூலை சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் பால் குடியும் குட்டி பிரிப்பும் சரியாக அந்த அடைமழையில் வந்து விழுகிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் கூண்டு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், மழை விட்ட பிறகும் மரம் சொட்டிக்கொண்டே இருக்கும், கூண்டுப் பலகை காயவே காயாது. ஈரத்தில் குட்டிகளுக்குக் கழிச்சல் வரும், தாய்க்குக் காதில் சொறி வரும், பாதத்தில் புண் வரும், கடலைப்பிண்ணாக்கில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைக் கழுவிக் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், அதிலிருக்கிற விஷம் கழுவினால் போகாது, ஈரலைக் கெடுத்துவிடும். அதனால் நான் ஜனவரி ஷோவுக்கு ஜூலை முதல் வாரத்திலேயே சேர்த்துவிடுவேன். ஆகஸ்டு தொடக்கத்தில் ஈனும், செப்டம்பர் நடுவில் பிரித்துவிடலாம். அடைமழை தொடங்கும்போது குட்டிகளும் தேறியிருக்கும், தாய்க்கும் பால் கொடுக்கிற பாரம் இருக்காது, கையில் கூடுதலாக இரண்டு மாதமும் இருக்கும்.

குட்டி பிரிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்காமல் பெரிய குட்டிகளை முதலில், சின்னதுகளை மூன்று நான்கு நாள் கழித்து என்று எடுத்தால் மடி மெல்ல வற்றும். அடர்தீவனத்தையும் அந்த நாட்களில் பாதியாகக் குறைத்து, காய்ந்த புல்லும் தண்ணீரும் தாராளமாக வைப்பேன். தினமும் ஒரு தடவை வயிற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். காம்பைச் சுற்றிச் சூடாக, கல் மாதிரி, சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் அது மடிநோய், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். மெடிக்கலில் நமக்கு வாங்குகிற அமாக்ஸிசிலினை உடைத்து வாயில் கொடுக்கவே கூடாது. மாட்டுக்கும் நாய்க்கும் கொடுக்கிறோமே என்று கேட்பார்கள். முயலின் குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிரை அது அழித்துவிடும், அப்புறம் கழிச்சல் வந்து முயல் செத்துப்போகும். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

மடி வற்றிய பிறகு தீனியைக் கூட்டலாம். ஒரேயடியாகக் கூட்டாமல் ஒரு வாரத்தில் படிப்படியாக. 16 முதல் 18 சதவீதம் புரதம் இருக்கிற தீவனம், அதோடு வேலிமசால், முருங்கைக்கீரை, முள்முருங்கை இலை, கூடவே காய்ந்த புல் எப்போதும். நம் ஊரில் மரச்சீனி (மரவள்ளி) இலை சும்மா கிடைக்கிறதே என்று பச்சையாகப் போட்டுவிடாதீர்கள், அதில் சயனைடு உண்டு. முடி முளைக்கிற நாட்களில் கருப்புச் சூரியகாந்தி விதை ஒரு சிட்டிகை போடுவேன், எண்ணெய்ச் சத்துக்காக. அதற்கு மேல் போட்டால் கொழுப்புதான் வைக்கும்.

முடிக்கு வேறு மந்திரம் ஒன்றும் இல்லை. உதிர வேண்டியது உதிர்ந்தால்தான் புதிசு வரும். உதிர்கிற நாட்களில் உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்து, உதறிவிட்டு, தலையிலிருந்து வால் வரைக்கும் வருடி விடுங்கள், பழைய முடி கையில் உருண்டு உருண்டு வந்துவிடும். முயல் தன்னைத் தானே நக்கி அந்த முடியை விழுங்குவதும் குறையும். வயிற்றில் புது முடி முளைக்கத் தொடங்கியதா என்று பார்க்க, முயலை மடியில் மல்லாத்தி லேசாக ஊதிப் பாருங்கள். முதல் வாரம் தோல் தெரியும். மூன்றாம் வாரம் வெல்வெட் துணி மாதிரி குட்டையாக ஒன்று முளைத்திருக்கும். ஊதும்போது சுழி மாதிரி விரிந்து தோல் ஒரு புள்ளி அளவுக்கு மட்டும் தெரிகிறது என்றால் அது முழு முடி.

ஒரு முக்கியமான விஷயம், தேறிக்கொண்டிருக்கிற பெட்டையை இன்னொரு பெட்டையோடு ஒரே கூண்டில் விடாதீர்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏறும், அதிலேயே கருமுட்டை வெளியாகிப் பொய்ச்சினை வந்துவிடும். 16, 17 நாள் கழித்து, குட்டியே இல்லாமல், முளைத்த முடியை எல்லாம் மறுபடியும் பிடுங்கிக் கூடு கட்டும். எட்டு வார உழைப்பு ஒரே ராத்திரியில் கூண்டுக்கடியில் கிடக்கும்.

சதையும் கொழுப்பும் வேறு வேறு என்பதையும் புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும், தேற்றுகிறேன் என்று பலர் கொழுக்க வைத்துவிடுகிறார்கள். பெருவிரலால் முதுகுத்தண்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். தடித்த துணிக்கடியில் ஜெபமாலை மணியைத் தடவுகிற மாதிரி மழுங்கலாகத் தெரிந்தால் சரியான உடம்பு. மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் குத்தினால் மெலிவு. ஒன்றுமே தெரியாமல் மெத்தென்று அமுங்கினால் கொழுப்பு. கொழுத்த பெட்டை மேசையிலும் தோற்கும், அடுத்த தடவை சினையும் பிடிக்காது. இதனால்தான் ஷோவுக்காகவென்று ஒரு பெட்டையைக் குட்டியே எடுக்காமல் இரண்டு வயது வரைக்கும் வைத்திருப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. அப்படி வைத்திருந்தால் உள்ளே கொழுப்பு படிந்து, அப்புறம் சேர்த்தாலும் சினை நிற்பது கஷ்டமாகிவிடும். 4, 5 மாதத்தில் ஜூனியராக ஒரு ஷோ காட்டுங்கள், 6 மாதத்தை ஒட்டி உடம்பு வந்ததும் ஒரு ஈத்து எடுங்கள், ஓய்வு கொடுங்கள், மறுபடி காட்டுங்கள்.

கழுத்துக்குக் கீழே தொங்குகிற அலைதாடியைப் பற்றியும் கேட்பார்கள். மாட்டுக்கு இருக்கிற மாதிரிதான். வளர்ந்த பெட்டைக்கு அது வரும், குட்டி போட்ட பிறகு இன்னும் பெரிதாகத் தெரியும். குறை என்று நினைக்க வேண்டாம். ஃப்ளெமிஷ் ஜெயன்ட் பெட்டைக்கு அலைதாடி பெரிதாக, நிறைவாக, ஒரே சீராக இருக்கலாம் என்று தர நூலிலேயே அனுமதி உண்டு. சின்ன இனங்களில் அது உடம்பின் அளவைக் கெடுக்கும், அது வேறு கதை. சின்ன இனம் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்து டுவார்ஃபில் குள்ளத்தன்மைக்கான மரபணு இரண்டு பக்கமிருந்தும் குட்டிக்கு வந்துவிட்டால் அந்தக் குட்டி பிழைக்காது. அதனால் அந்த இனம் வளர்க்கிறவர்கள் குள்ள மரபணு இல்லாத, கொஞ்சம் பெரிய பெட்டையைத் தாயாக வைத்துக்கொள்வார்கள். அது 2.5 பவுண்டு உச்சவரம்பைத் தாண்டிவிடும், மேசைக்கு ஆகாது. ஆனால் மேசையில் ஜெயிக்கிற பிள்ளைகளைப் பெற்றுக் கொடுப்பது அதுதான். அங்கே ஷோ முயல் வேறு, தாய் முயல் வேறு. நம் பெரிய இனங்களில் இரண்டும் ஒரே முயலாக இருக்க முடியும்.

எந்தப் பெட்டையைக் கொண்டுபோகவே கூடாது? சினையாக இருப்பதை. பயணச் சூடு, சத்தம், ஜட்ஜ் திருப்பிப் போட்டுப் பார்ப்பது எல்லாம் அதற்கு ஆபத்து. பால் கொடுப்பதையும் கூடாது. நாளுக்கு ஒரு தடவைதானே பால் கொடுக்கிறது, காலையில் கொடுத்துவிட்டு வந்து சாயங்காலம் திரும்பிவிடலாமே என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. மடி நிறைந்த முயல் மேசையில் தொங்கலாகத்தான் தெரியும், அதோடு மண்டபத்தில் நூறு முயல் மூச்சு விட்ட காற்றில் இருந்து சளி நோயை எடுத்துக்கொண்டு நேராகக் குட்டிகளிடம் போகும். ஷோ முடிந்து வருகிற எந்த முயலையும் குறைந்தது இரண்டு வாரம் தனியாக வைக்க வேண்டும், தாயென்றால் எப்படித் தனியாக வைப்பீர்கள்? மூன்று வயது தாண்டிய பெட்டைகளுக்குக் கருப்பைக் கட்டி வருவது அதிகம் என்பதால் அந்த வயதுக்கு மேல் இனம் சேர்ப்பதையும் நான் நிறுத்திவிடுவேன். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் உடனே டாக்டர்.

கொண்டுபோகும் நாளில் விடியற்காலம் கிளம்புங்கள். முயலுக்கு வேர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம், நம் ஊரில் பத்து மணிக்கே அவ்வளவு வந்துவிடும். ஐஸ் கட்டிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, கூண்டில் ஒரு அட்டை தொங்க விடுங்கள். இனம் சேர்த்த அன்று எடை, குட்டி பிரித்த அன்று எடை, அதற்கப்புறம் வாரம் ஒரு எடை. என்னிடம் இருக்கிற ஒரு பெட்டைக்கு அட்டை இப்படி: சேர்க்கும்போது 4.5 கிலோ, பிரிக்கும்போது 3.9, நான்காம் வாரம் 4.3, எட்டாம் வாரம் 4.7. அதன் அக்காவுக்கும் அதே தீனி, அதே மாதிரித் தனிக் கூண்டுதான். அது எட்டாம் வாரமும் 4.2-ஐத் தாண்டவில்லை. குட்டி எடுத்த பிறகு சீக்கிரம் தேறி வருவதும் ரத்தத்தில் வருகிற குணம்தான். தேறி வருகிறவளின் பெண் குட்டிகளைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். ஒரு குட்டி கூட எடுக்காத அழகான பெட்டையை மேசையில் பார்த்தால் அது அழகு என்று மட்டும்தான் சொல்லலாம். மூன்று ஈத்து வளர்த்துவிட்டு அதே முதுகோடு வந்து உட்கார்ந்திருக்கிற பெட்டையைப் பார்த்தால், அதன் பிள்ளை ஒன்று எனக்கு வேண்டும் என்று தோன்றும்.

அருமனைத் தம்பி நேற்று எடை போட்டு அனுப்பியிருந்தான், 3.8 கிலோ. ஊதிப் பார்த்தானாம், வயிற்றில் வெல்வெட் மாதிரி முளைக்கத் தொடங்கியிருக்கிறதாம். இன்னொரு பெட்டையோடு சேர்த்து விட்டிருந்தான், பிரிக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் எடை போட்டு அட்டையில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.